சின்னவளுக்கு ஒரு கோட்டு

பொம்மைகளுக்கு என்று தனியாக ஒரு மாநாடு நடக்கும் என்பதை அந்த பஸ் டிரைவர் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. பஸ் ஓட்டுகிறவருக்குத் தெரியாத கூட்டமா? எந்தச் சாலையில் எப்போது மறியல் நடக்கும், எந்த ஓட்டலில் கண் டாக்டர்கள் கூடுவார்கள், எந்தத் திருப்பத்தில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொம்மை சேகரிப்பவர்கள் மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பொம்மைகளை பஸ்ஸில் ஏற்றுவதில்லை. குலுங்கும்.

டிரைவருக்கு ஒரே மகள். ஆனால் வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். அவள் வைத்திருந்த பொம்மைதான் சின்னவள். ரப்பர் தலை, துணி உடம்பு. பெரியவள் பிறந்த வாரத்தில் டிரைவர் வாங்கி வந்தது. ஆறு வருடத்தில் சின்னவளின் மூக்கு தேய்ந்துவிட்டது. முடி ஒரு பக்கம் மட்டும் பாக்கி. வயிற்றில் இருந்த பஞ்சு சரிந்து இடுப்புக்கு இறங்கிவிட்டதால், நடு வயதுக்காரி போல ஒரு தோரணை அவளுக்கு வந்திருந்தது.

டிரைவரும் அவர் மனைவியும் சத்தம் போடாமல் பிரிந்தவர்கள். யார் மேலும் பெரிய குற்றமில்லை. ஒருவர் வேலை முடிந்து வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அப்படியே ஒருநாள் நிரந்தரமாகக் கிளம்பியாயிற்று. இப்போது மனைவிக்குத் தொலைவில் ஒரு குளிர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. பெரியவளும் அம்மாவோடு போகிறாள். சாயங்கால ரயில்.

காலையில் வழியனுப்ப வந்து உட்கார்ந்த டிரைவரிடம் பெரியவள் புதுக் கோட்டைப் போட்டுக் காட்டினாள். நீல நிறம், பெரிய பெரிய பொத்தான்.

"எனக்கு அம்மா வாங்கிட்டாங்க. சின்னவளுக்கு யாருப்பா வாங்குவா?"

"நான் வாங்கறேன்."

"அங்க ரொம்பக் குளிருமாம். மூக்கெல்லாம் உறைஞ்சிடுமாம்."

"சின்னவளுக்குத்தான் மூக்கே இல்லையே."

"அப்பா, விளையாடாத. ரயிலுக்கு முன்னாடி வாங்கிடுவியா?"

"வாங்கிடுவேன். அளவு பாக்கணும், அவளையும் குடு."

பெரியவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது சின்னவளின் காதில் ஏதோ சொன்னாள். டிரைவர் சின்னவளைத் தன் சாப்பாட்டுப் பையில், தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில், தலை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கிளம்பினார். இனி விடுமுறைக்கு விடுமுறைதான் மகளைப் பார்க்க முடியும். அவள் கூடவே போகும் சாமான்களில் ஒன்றாவது அப்பா வாங்கிக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று அவருக்கு ஆசை. அவ்வளவு சின்ன ஆசை.

பொம்மைக் கடைகளில் சின்னவளின் இடுப்புக்கு எந்தக் கோட்டும் ஏறவில்லை. தையல்காரர் ஒருவர், "பொம்மைக்கு ஊசி எடுக்கற அளவுக்கு எனக்கு இன்னும் வேலை குறையல சார்" என்றார். கடைசியில் டிரைவர் தன் பஸ் கண்டக்டருக்கு போன் போட்டார். கண்டக்டருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பாதி தப்பாக இருக்கும், பாதி சரியாக இருக்கும்.

"அண்ணே, அந்தப் பெரிய ஓட்டல் மாடில இன்னைக்குப் பொம்மைக்காரங்க கூடறாங்க. கையால தைக்கிறவங்க, பின்றவங்க, செருப்பு செய்யறவங்க எல்லாம் பொம்மைக்குன்னே கடை போடுவாங்களாம். நேரா போங்க. அங்க இல்லாத கோட்டு எங்கயும் இல்ல."

இந்த முறை கண்டக்டர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் வினையாகப் போயிற்று.

ஓட்டலின் இரண்டாம் மாடியில் 'பொம்மைப் பாதுகாவலர் பேரவை' என்று பட்டுத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலுக்கு இடது பக்கம் ஒரு தடுப்பும் ஒரு பலகையும்: 'குடைகள், உணவுப் பொட்டலங்கள், குழந்தைகள் இங்கே ஒப்படைக்கப்பட வேண்டும்.' தடுப்புக்குப் பின்னால் சில குடைகளும் இரண்டு குழந்தைகளும் டோக்கனோடு இருந்தன. குழந்தைகளில் ஒன்று குடையோடு பேசிக்கொண்டிருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் கண்ணாடிச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"யாரு வந்திருக்காங்க?"

"நான்தாங்க."

"உங்களைக் கேக்கல." அவர் பார்வை சாப்பாட்டுப் பைக்குப் போயிற்று. "இவங்களா? பேரு?"

"சின்னவ."

"முழுப் பேரு?"

"அவ்வளவுதாங்க. வீட்ல அப்படித்தான் கூப்பிடறது."

அம்மாள் தங்க நிற அட்டையில் 'சின்னவ' என்று அழகாக எழுதி, பட்டு நூலில் கோத்து நீட்டினார். டிரைவருக்கு ஒரு பழுப்பு அட்டை. அதில் 'துணை' என்று அச்சடித்திருந்தது.

"பிரதிநிதி அவங்க. நீங்க துணை. துணைக்குப் பேச்சுரிமை கிடையாது, ஓட்டுரிமை கிடையாது. மத்தியானச் சாப்பாடு உண்டு."

டிரைவர் மரியாதைக்காக, "அப்ப பிரதிநிதிக்குச் சாப்பாடு?" என்று கேட்டார்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது பொம்மைங்க. எப்படிச் சாப்பிடும்?"

டிரைவர் தன் கேள்விக்காக வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தில் சின்னவளை வழக்கம்போல ஒற்றைக் காலைப் பிடித்துப் பையிலிருந்து உருவினார். வரிசையில் நின்றவர்கள் மத்தியில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கண்ணாடி ஏற்றிப் போகிறவர்கள் போல ஒரு பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துத் தூக்கி வந்த கணவனும் மனைவியும் பெட்டியின் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். உடனே ஒருவர் ஓடிவந்து டிரைவர் கையில் வெள்ளைக் கையுறைகளை மாட்டி, ஒரு சாட்டின் தலையணையைக் கொடுத்து, அதன் மேல் சின்னவளைப் படுக்க வைத்தார்.

"நான் ஒரு கோட்டு வாங்கத்தாங்க வந்தேன். கடை எந்தப் பக்கம்?"

"கடைக்கு அனுமதி அட்டை வேணும். அனுமதி அட்டைக்கு நிலை ஆய்வு முடியணும். மூணாவது கதவு."

மூன்றாவது கதவுக்குள் நிலை ஆய்வாளர் இருந்தார். வார நாட்களில் பல் டாக்டராம்; அந்தக் கையோடுதான் பொம்மைகளையும் பார்த்தார். விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியை எடுத்து, சின்னவளின் முகத்துக்கு நேரே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மூக்கு எங்கே?"

"தேஞ்சுடுச்சுங்க. முத்தம் குடுத்துக் குடுத்து."

"முடி ஒரு பக்கம் இல்ல."

"அந்தப் பக்கம்தான் பெரியவ பிடிச்சுட்டுத் தூங்குவா."

"பெரியவ?"

"என் பொண்ணு. ஆறு வயசு."

ஆய்வாளரின் பேனா நின்றது. உதவிக்கு நின்ற பெண் கதவைச் சாத்தினாள்.

"குழந்தையா?" என்றார் ஆய்வாளர் குரலைத் தாழ்த்தி. "வீட்டுக்குள்ளேயே இருந்ததா?"

"வேற எங்கங்க இருக்கும்?"

"எப்பலேர்ந்து நடக்குது இது?"

"அவ பொறந்ததுலேர்ந்து."

"நீங்க தடுக்கல."

"நான்தாங்க வாங்கியே குடுத்தேன்."

உதவிப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அது டிரைவருக்கு என்று நினைத்து அவர் கை நீட்டினார். ஆய்வாளர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "பயப்படாதீங்க. நாங்க போலீசுக்கெல்லாம் போறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார். மூக்கு: அன்பினால் அழிவு. முடி: அன்பினால் இழப்பு. பஞ்சு: அன்பினால் இடப்பெயர்ச்சி. முடிவில் ஒரு முத்திரை குத்தினார்: 'விளையாட்டுக்கு ஆளானது.'

"இனி என்னங்க பண்ணணும்?"

"இவங்களுக்குக் கடையில எதுவும் விக்க மாட்டாங்க. கடை தூய நிலைல இருக்கறவங்களுக்கு மட்டும். தொடக்க உரை முடிஞ்சதும் தலைவர்கிட்ட கருணை மனு குடுக்கலாம். அதுவரைக்கும் சாம்பல் வரிசைல உக்காருங்க." சின்னவளின் மேல் ஒரு சாம்பல் நிறத் துணியைப் போர்த்தினார். "மத்தவங்க பாத்தா மனசு கஷ்டப்படும்."

சாம்பல் வரிசை மண்டபத்தின் கடைசியில், கை கழுவும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஏற்கனவே ஓர் அம்மாள், மடியில் சாம்பல் துணி போர்த்திய பொம்மையோடு உட்கார்ந்திருந்தார். துணியை ஓரமாக விலக்கிக் காட்டினார். ஒற்றைக் கண் பொம்மை.

"இன்னொரு கண்ணை என் தம்பி மகன் தோண்டிட்டான். எனக்குத் தெரியாம நடந்துச்சு. அதைத்தான் ஒவ்வொரு மாநாட்டுலயும் சொல்லிட்டிருக்கேன்."

"ரொம்ப நாளா வரீங்களா?"

"முதல்ல வந்தப்ப முடியெல்லாம் கறுப்பு. என் முடியைச் சொல்றேன்."

"மன்னிச்சுட மாட்டாங்களா?"

"மன்னிப்பாங்க. நல்லவங்கதான். இந்த வருஷம் தலைவர் என்னைப் பாத்துத் தலையசைச்சார்." அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "முன்னெல்லாம் அதுவும் கிடையாது."

மேடையில் தலைவர் எழுந்தார். சிமெண்ட் வியாபாரத்தில் பெரிய ஆள். முன்வரிசைகளில் பொம்மைகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. துணைகள் பின்னால் நின்றார்கள். பெரும்பாலான பொம்மைகள் பெட்டிக்குள்ளேயே இருந்ததால், நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவை உண்மையில் பெட்டிகள்.

"பிரதிநிதிகளே, அவர்தம் துணைகளே," என்று தொடங்கினார் தலைவர். "பொம்மை என்பது விளையாடுவதற்காகச் செய்யப்பட்டது என்று ஒரு வதந்தி உலவுகிறது. பொம்மை செய்கிறவர்களே இதைப் பரப்புகிறார்கள் என்பது வேதனை. அவர்களுக்குப் பொம்மையைப் பற்றி என்ன தெரியும்?"

கைதட்டல்.

"நான் குழந்தைகளுக்கு விரோதி என்கிறார்கள். எனக்கே இரண்டு பிள்ளைகள். என் சேகரிப்பு அறையின் வாசலை அவர்கள் ஒருநாளும் மிதித்ததில்லை. என் வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகளை நான் அந்த அறையில்தான் கழித்தேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து நல்ல நிலையில் இருப்பதாகக் கேள்வி."

பலத்த கைதட்டல். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அன்பு என்றால் என்ன? தொடாமல் இருப்பது. என் மனைவிகூட முதலில் இதைப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது அவர் தன் தங்கை வீட்டில் இருந்துகொண்டு புரிந்துகொண்டிருக்கிறார்."

பிறகு அந்த ஆண்டின் உயர்ந்த பரிசு வழங்கப்பட்டது. தகப்பனார் காலத்தில் வாங்கியதிலிருந்து பெட்டியைத் திறக்காத ஒருவருக்கு அது போயிற்று. பெட்டியில் கண்ணாடித் தாள்கூட இல்லை, முழு அட்டை. உள்ளே பொம்மை இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஒரு நடுவர் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது நடுவர் இல்லை. பரிசு வாங்கியவர் தழுதழுத்த குரலில், "உள்ளே ஒண்ணும் இல்லாம இருந்தாலும் நான் இதே மாதிரிதான் பாத்துக்குவேன்" என்றார். மண்டபமே எழுந்து நின்றது.

டிரைவர் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கருணை மனு எப்போது எடுப்பார்கள் என்று பக்கத்து அம்மாளிடம் கேட்டார்.

"நேரம் இருந்தா எடுப்பாங்க."

"இதுவரைக்கும் எடுத்திருக்காங்களா?"

"நேரம் இருந்ததில்ல." அம்மாள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார். "கோட்டுதானே வேணும்? கடை வாசல்ல நிக்கறவர் சாப்பிடப் போவாரு. அந்த நேரத்துல நுழைஞ்சிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தலையசைச்சிருக்காரு, அது கெட்டுப் போகும்."

காவலர் சாப்பிடப் போனார். டிரைவர் நுழைந்தார்.

உள்ளே போனதும் அவருக்கு ஒரு கணம் வந்த வேலையே மறந்துவிட்டது. விரல் நகம் அளவு தோல் செருப்பு, அதற்கு நிஜமான பக்கிள். பல்குச்சியை விடச் சன்னமான கம்பிகளோடு விரியும் குடை. ஐந்து விரலும் தனித்தனியாகப் பின்னிய கம்பளிக் கையுறை. ஜிப் வைத்த கைப்பை. ஜிப்பைத் திறந்தால் உள்ளே ஒரு சீப்பு. மனிதர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை. மேசைக்கு மேசை வாங்குகிறவர்கள் குனிந்து பார்த்தார்கள், வாங்கினார்கள், வாங்கியதை உடனே உறையில் போட்டு ஒட்டினார்கள்.

கடைசி மேசையில் கோட்டுகள். தைத்த அம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நீலத்தில் ஒரு கோட்டு. பெரிய பெரிய பொத்தான்.

"அம்மா, அது இவளுக்குச் சரியா இருக்குமா?"

கோட்டுக்காரம்மாள் திரும்பினார். சாம்பல் துணியைப் பார்த்தார். துணியை விலக்கிச் சின்னவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சின்னவளின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"பஞ்சு இறங்கியிருக்கு."

"ஆமாங்க."

"யாரோடது?"

"பொண்ணோடது. இன்னைக்குச் சாயங்காலம் அவங்கம்மாவோட ஊருக்குப் போறா. குளிர் ஊரு. அவளுக்கும் இதே நீலத்துலதான் கோட்டு."

"போட்டு விளையாடுவாளா?"

டிரைவருக்கு இந்த இடத்தில் என்ன பதில் சொன்னால் தப்பில்லை என்று தெரியவில்லை. கடைசியில் உண்மையையே சொன்னார். "போட்டுட்டே தூங்குவா. இழுப்பா. சாப்பாட்டைக் கொட்டுவா. கிழிஞ்சாலும் கிழிஞ்சிடும்."

கோட்டுக்காரம்மாள் எழுந்தார். "எத்தனையோ தச்சிருக்கேன். ஒண்ணைக்கூட ஒரு பொம்மையும் போட்டதில்ல. எல்லாம் கண்ணாடிக்குள்ள தொங்குது. பொத்தான் துளை வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குக்கூட ஆளில்ல." வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "குடுங்க அவளை" என்றார்.

சின்னவளின் கையைக் கோட்டின் ஒரு கைக்குள் விட்டார். மற்றதையும் விட்டார். இடுப்பில் கொஞ்சம் இழுத்தார். பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஏறின. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மூக்கில்லாத, பாதி முடியில்லாத சின்னவள், ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டவள் போலக் கோட்டின் காலருக்குள் இருந்து பார்த்தாள். டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. கோட்டுக்காரம்மாளும் சிரித்தார். "இன்னைக்குத்தான் இது கோட்டு" என்றார்.

சிரிப்புச் சத்தம் அந்த மண்டபத்தில் வழக்கமில்லாதது. ஒவ்வொரு மேசையாகத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஓடினார்கள். தலைவர் வந்தார், கூடவே செயலாளர், நிலை ஆய்வாளர், வாயைத் துடைத்தபடி காவலர்.

"விளையாட்டுக்கு ஆளானதற்கு ஆடையா? யார் அனுமதித்தது?" என்றார் தலைவர். தனியாகப் பேசும்போதும் அவர் மேடையில்தான் இருந்தார்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். காலரை விலக்கினார், கன்னத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"ஐயா, காலையில அவசரத்துல கவனிக்கல. தேய்மானம் எல்லாம் ஒரே கை பட்டது. ஒரே வாய். நடுவுல யாரும் துவைக்கல, தைக்கல, பெயிண்ட் அடிக்கல. முதல் நாள்லேர்ந்து ஒரே குழந்தை. இப்படி முழுசா விளையாடினது ஒண்ணு நம்ம பதிவுல எங்கயுமே இல்ல."

தலைவர் சின்னவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"எவ்வளவு பெரிய கொடுமை," என்றார். "எவ்வளவு அரிய கொடுமை. குழந்தை கையில் ஒரு பொம்மை சிக்கினால் என்ன ஆகும் என்பதை வருங்காலத்துக்குக் காட்ட நம்மிடம் இதுவரை ஒரு சான்றும் இல்லை. இதோ வந்திருக்கிறது. ஆனால் நண்பர்களே, இன்னும் ஒருமுறை ஒரு குழந்தை இதைக் கட்டிப்பிடித்தாலும் இந்த நிலை கெட்டுவிடும். விளையாடிய தன்மையைக் காப்பாற்ற ஒரே வழி, இனி யாரும் இதனோடு விளையாடாமல் இருப்பது."

சுற்றி நின்றவர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள். கண்ணாடிப் பேழை ஒன்று எங்கிருந்தோ வந்தது.

டிரைவருக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயா, நான் கோட்டு வாங்கத்தான் வந்தேன். இது என் பொண்ணோடது. சாயங்காலம் ரயிலு. இவ இல்லாம அவ தூங்க மாட்டா."

"உங்கள் மகளின் பணி முடிந்தது. பேரவை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது."

"பணியெல்லாம் இல்லைங்க, அவளுக்கு ஆறு வயசு."

"துணை குறுக்கிடக் கூடாது," என்றார் செயலாளர். "நாங்க யாரோட சம்மதமும் இல்லாம எதையும் செய்யறதில்ல. பிரதிநிதியையே கேட்டுடலாம்." அவர் சின்னவளுக்கு முன்னால் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "பேரவையின் நிரந்தரக் காட்சியில் இடம்பெறத் தங்களுக்கு மறுப்பு ஏதும் உண்டா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவர் இருமினார், அவரை முறைத்தார்கள். டிரைவரும் தன்னை அறியாமல் சின்னவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுப்பு இல்லை," என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

"அது எப்படிங்க பேசும்?"

"விருப்பமில்லன்னா ஏதாவது ஒரு விதத்துல காட்டியிருப்பாங்க."

டிரைவர் கையை நீட்டினார். காவலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் எத்தனையோ சண்டைகளை ஒற்றை அதட்டலில் அடக்கியவர் டிரைவர். இங்கே அதட்டினார், தலைவர் உட்பட எல்லோரும் தங்கள் பெட்டிகளின் காதை மூடுகிறவர்கள் போலக் கையை வைத்துக்கொண்டார்கள். கெஞ்சினார்; அதைக் கேட்கக் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். கோட்டுக்காரம்மாள், "அவர் பொண்ணோடதுன்னு சொல்றாருல்ல" என்று நடுவில் புகுந்தார். அடுத்த ஆண்டு அவர் கடைக்கு இடம் கிடையாது என்று செயலாளர் அங்கேயே குறித்துக்கொண்டார்.

"மேல்முறையீடு உண்டு," என்றார் செயலாளர் சமாதானமாக. "அடுத்த மாநாட்டுல கொடுக்கலாம். துணை மட்டும் வந்தா உள்ளே விட மாட்டோம். பிரதிநிதியைக் கூட்டிட்டு வரணும்."

"பிரதிநிதிதான் உங்ககிட்ட இருக்காளே."

"அதான் சிக்கல்," என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பேழைக்குள் வைக்கும் முன் ஆய்வாளர் ஒரு விஷயம் சொன்னார். ஆடை காயங்களை மறைக்கிறது. கோட்டு வேண்டாம். கையுறை போட்ட விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை; இழுத்துப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் கோட்டுக்காரம்மாளே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய கோட்டை டிரைவர் கையில் வைத்து அவர் விரல்களை மூடினார்.

வாசலுக்குப் போகும் வழியில் சாம்பல் வரிசை அம்மாள் எழுந்து நின்றார். "கேள்விப்பட்டேன். கண்ணாடிப் பேழையாமே? குடுத்து வெச்சவ உங்க பொண்ணு." தன் மடியைக் குனிந்து பார்த்து, "எங்களுக்குத்தான் இன்னும் வேளை வரல" என்றார்.

டிரைவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். ஓடும்போதெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தார். திருடிட்டாங்க என்று சொல்லலாம். தொலைச்சுட்டேன் என்று சொல்லலாம். பரிசு கிடைச்சிருக்கு என்றுகூடச் சொல்லலாம். அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

பிளாட்பாரத்தில் மனைவியாக இருந்தவள் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கதவருகே நின்றாள். "வந்துட்டீங்களா. ஏற மாட்டேன்னு நிக்கறா. உங்களைப் பாக்கற வரைக்கும் அசைய மாட்டாளாம்."

பெரியவள் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி நின்றாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"கோட்டு கிடைச்சுடுச்சாப்பா?"

"கிடைச்சுடுச்சும்மா."

"சின்னவ எங்க?"

டிரைவர் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தார். கோட்டை நீட்டினார். மகள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பெரியவர்களை விட வேகமாக அவளுக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது, தப்பாகத்தான் புரிந்தது.

"வர மாட்டேன்னுட்டாளா?"

டிரைவர் கோட்டின் காலரை நீவினார்.

"உன்கூடவே இருக்கேன்னு சொன்னாளா?"

அவர் தலை தானாக ஆடியது.

"அழுதாளா?"

"கொஞ்சம்."

பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பெரிய மனுஷி போல மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. நீயும் தனியாத்தானே இருப்ப. நான்தான் காலையில அவ காதுல சொன்னேன், அப்பா பாவம்னு. அதான் நின்னுட்டா." கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பொத்தானை ஒருமுறை போட்டுக் கழற்றினாள். "நல்லாருக்கு. இதை அவளுக்கே போட்டு விடு. ராத்திரி முழுசா இருட்டாக்காத, பயந்துக்குவா. முடி இருக்கற பக்கத்தைத்தான் பிடிக்கணும், முடி போன பக்கம் பிடிச்சா அவளுக்கு வலிக்கும்."

"சரிம்மா."

"மறந்துடாதப்பா."

"மறக்க மாட்டேன்."

மனைவியாக இருந்தவள் டிரைவரைப் பார்த்த பார்வையில், பிரிந்த பிறகு முதல் முறையாக, ஒரு மரியாதை தெரிந்தது. "அவளைச் சமாதானப்படுத்த என்ன சொல்றதுன்னு நான் காலையிலேர்ந்து தவிச்சுட்டிருந்தேன். தேங்க்ஸ்," என்றாள். அதையும் அவர் வாங்கிக்கொண்டார். ரயில் கிளம்பியது.

மறுநாள் காலையில் போன் அடித்தது. டிரைவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வந்து சேந்துட்டோம். நிஜமாவே மூக்கு உறையுது. சின்னவ எழுந்துட்டாளா?"

"எழுந்துட்டா."

"அவகிட்ட குடு போனை."

"எப்படிம்மா?"

"காதுகிட்ட வைப்பா. வெச்சுட்டு நீ வெளியில போயிடணும். இது எங்க ரெண்டு பேருக்குள்ள. ஒட்டுக் கேக்கக் கூடாது."

டிரைவர் போனைத் தலையணை மேல் வைத்தார். "வெச்சுட்டேன்" என்று குனிந்து சொன்னார். காலணிச் சத்தம் அவளுக்குக் கேட்கிற மாதிரி நடந்து போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே இருந்து எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேசி முடித்துவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டார்.